ஐ7-12700: ரெண்டர் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல வேகம் இறங்குது, பவர் பிளான் மாத்தியும் பலன் இல்லை

கேள்வி:
ஐ7-12700 (இன்டெல் ப்ராசஸர்), பி660 போர்டு, பாக்ஸோட வந்த கூலர், விண்டோஸ் 11. பிளெண்டர்ல (3டி மென்பொருள்) சிபியு ரெண்டர் போட்டா பி-கோர் (வேகமான கோர்) எல்லாம் முதல்ல 4.5 கிகாஹெர்ட்ஸ் கிட்ட ஓடுது. அரை நிமிஷத்துக்குள்ள 3 பக்கம் இறங்கி அங்கேயே நிக்குது. இறங்கின பிறகு சூடு 70 டிகிரிதான். ஹை பெர்ஃபார்மன்ஸ் பிளான் போட்டும் துளி மாற்றம் இல்லை. கூலர் மாத்தணுமா?

பதில் 1:
விண்டோஸ்ல தேடாதீங்க, கடிவாளம் பயாஸ்ல (போர்டுக்குள்ள இருக்கற அடிப்படை செட்டிங்ஸ்) இருக்கு. இந்த சிப்புக்கு இன்டெல் ரெண்டு பவர் வரம்பு வெச்சிருக்கு: தொடர்ந்து ஓட 65 வாட் (பிஎல்1), உச்சத்துக்கு 180 வாட் (பிஎல்2). உச்சத்துக்கான கால அளவு 28 வினாடி. ஆனா சரியா 28-ல விழணும்னு இல்லை. வாட்டோட நகரும் சராசரி 65-ஐத் தொட்டதும் சிப் தானா அடங்கிடும். முழு லோடுல அது இன்னும் சீக்கிரமே நடக்கும்.

உறுதி பண்ண ஹெச்டபிள்யூஇன்ஃபோவை (சூடு, வாட் எல்லாம் காட்டற மென்பொருள்) திறந்து வெச்சுட்டு ரெண்டர் போடுங்க. வேகம் இறங்கினதும் சிபியு பேக்கேஜ் பவர் 65-லயே ஒட்டிக்கிட்டு நின்னு, பெர்ஃபார்மன்ஸ் லிமிட் ரீசன்ஸ்ல பிஎல்1 வரிசை 'யெஸ்'னு காட்டினா இதுதான் காரணம். தெர்மல் வரிசை 'யெஸ்' காட்டினா மட்டும் கூலரைச் சந்தேகப்படுங்க.

பதில் 2:
மேலே சொன்னது சரி. மாத்தற வழி: ஆன் பண்ணினதும் டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள்ள போங்க. எம்எஸ்ஐ போர்டுன்னா ஓசி பக்கத்துல அட்வான்ஸ்டு சிபியு கான்ஃபிகரேஷன், அதுல லாங் டியூரேஷன் பவர் லிமிட் (இதுதான் பிஎல்1). அசுஸ்ல ஏஐ ட்வீக்கர், உள்ளே இன்டர்னல் சிபியு பவர் மேனேஜ்மென்ட். கிகாபைட்ல டர்போ பவர் லிமிட்ஸை ஆட்டோவிலிருந்து மாத்தினாதான் எண் போட விடும். பயாஸ் பதிப்பைப் பொறுத்து மெனு கொஞ்சம் இடம் மாறும்.

பாக்ஸ் கூலரோட 80, 85 வாட்டுக்கு மேல போகாதீங்க. 120 மிமீ ஃபேன் வெச்ச டவர் கூலர்னா 125 தாராளம். 4095-னு போட்டு வரம்பையே தூக்கிடறதை நான் ஒத்துக்க மாட்டேன். விலை குறைஞ்ச போர்டுகள்ல விஆர்எம் (சிபியுவுக்கு வோல்டேஜைச் சீராக்கித் தர்ற பகுதி) மேல ஹீட்சிங்க்கே இருக்காது. அது கொதிச்சா போர்டே சிபியுவை அடக்கிடும், அப்போ இப்ப இருக்கறதைவிட மோசமா விழும்.

65-ஐ 125 ஆக்கினா வேகம் இரட்டிப்பாகும்னும் நினைக்காதீங்க. கிளாக் ஏற ஏற வோல்டேஜும் ஏறணும். வாட் கூடறது வோல்டேஜோட வர்க்கத்துல. கடைசி சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் கரண்ட் அதிகமா போகும்.

பதில் 3:
விண்டோஸ் பக்கம் ரெண்டே விஷயம். பவர் பிளானோட அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்ல ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100-ன்னு இருக்கான்னு பாருங்க. 99-ன்னு இருந்தாலே டர்போ (அடிப்படை வேகத்துக்கு மேல ஏறறது) அணைஞ்சு 2.1 கிகாஹெர்ட்ஸ்லயே நிக்கும். சூடு குறைக்க 99 வைக்கச் சொல்ற வீடியோவைப் பார்த்து மாத்திட்டு மறந்துடறவங்க நிறைய.

அடுத்து, பிளானை பேலன்ஸ்டுக்கே திருப்பிடுங்க. ஹை பெர்ஃபார்மன்ஸ்ல மினிமம் ஸ்டேட் 100, பேலன்ஸ்டுல 5. லோடு வந்தா ரெண்டும் ஒரே உச்சத்துக்குத்தான் போகும்; சும்மா இருக்கும்போதுதான் வித்தியாசம். பேலன்ஸ்டுல இருந்தாதான் செட்டிங்ஸ்ல பவர் மோடையும் மாத்த முடியும்.

கேள்வி கேட்டவர்:
லிமிட் ரீசன்ஸ்ல பிஎல்1-தான் 'யெஸ்'. இப்ப 85 வெச்சிருக்கேன், 3.4 பக்கம் நிக்குது, சூடு 84. டவர் கூலர் வாங்கினா 125 போடலாம்னு இருக்கேன். 600 விஏ யுபிஎஸ் தாங்குமா?

பதில் 2:
600 விஏ யுபிஎஸ்ல பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும், பின்பக்க லேபிள்ல பாருங்க. பிஎல்1 மட்டும் கணக்குப் பண்ணாதீங்க. ஆரம்பத்துல சிபியு 180 வரை இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து வேலை பண்ணினா 360 தாண்டிடும். கரண்ட் போற நேரத்துல அப்படி இருந்தா யுபிஎஸ் ஓவர்லோடுல அணைஞ்சிடும். பிஎல்2-ஐயும் 125-ஆக்கிடுங்க. நீளமான ரெண்டர்ல அந்த முதல் சில வினாடி போறதால பெரிசா நஷ்டமில்லை, ஃபேன் திடீர்னு அலறறதும் நிக்கும்.