‘பர்கினாபே’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும் முறை குறித்து உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். பர்கினா ஃபாசோவின் தலைநகரான வாகடூகுவில் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் ஃபெஸ்பாகோ திரைப்பட விழாவைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைச் செப்பனிட்டு வருகிறேன். அதில் அந்நாட்டவரைக் குறிக்கும் ‘பர்கினாபே’ (Burkinabè) என்ற சொல்தான் இழுபறியாக உள்ளது. (நைஜர், நைஜீரியா நாட்டவருக்கான சொற்களின் ஓரெழுத்து வேறுபாட்டையாவது மனப்பாடம் செய்துவிடலாம்.)

1984-இல் தாமஸ் சங்காராவின் அரசு அப்பர் வோல்ட்டா என்ற பெயரை மாற்றியபோது, ‘பர்கினா’வை மோரே மொழியிலிருந்தும் ‘ஃபாசோ’வை ஜூலா மொழியிலிருந்தும் எடுத்து, நாட்டவரைச் சுட்ட ஃபுலா மொழியின் ‘பே’ விகுதியைச் சேர்த்தது. அவ்விகுதி ஃபுலாவில் மக்களைக் குறிக்கும் பன்மை விகுதி என்பதால், ‘விருது பெற்ற மூன்று பர்கினாபே’ என்னும் இடத்தில் ஆங்கில ‘எஸ்’ தேவையில்லை என்பது என் கருத்து. கட்டுரையாளரோ சேர்த்தே எழுதியிருக்கிறார்.

ஒருமையிலும் இதே வடிவம் பொருந்துமா, இறுதி ‘ஈ’ எழுத்தின் மேலுள்ள சாய்கோட்டை ஆங்கிலத்தில் விட்டுவிடலாமா, ‘பர்கினன்’ என்ற வடிவத்தைப் பதிப்பாசிரியர்கள் ஏற்பார்களா என்பதை, ஆப்பிரிக்கச் செய்திகளைக் கையாண்ட அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.