மறு: கேரியர் – காவியா, கடத்தியா, தாங்கியா?

அனைவருக்கும் வணக்கம்.

மருத்துவத்தில் சொல்லும் ‘கேரியர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்வியைக் கிளப்பிவிட்டு மூன்று நாளாக ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இனியும் சும்மா இருந்தால் திட்டு விழும். நடுவில் சேர்ந்தவர்களுக்காக முதலில் கதைச் சுருக்கம்.

கல்லீரல் நோயாளிகளுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒரு பகுதி பரூக் புளூம்பெர்க் பற்றியது. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு முதல் துப்புக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க மருத்துவர். அவருடைய கட்டுரைத் தலைப்புகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிக்கொண்டே வந்தேன், 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினரோடு சேர்ந்து அவர் எழுதிய கீழாநெல்லிக் கட்டுரையில் வண்டி நின்றுவிட்டது. ‘ஹெபடைட்டிஸ் பி வைரஸின் நாட்பட்ட கேரியர்களிடம் கீழாநெல்லியின் விளைவு.’ எல்லாம் வந்துவிட்டது, கிருமியை உடம்பில் வைத்திருப்பவரைக் குறிக்கும் கேரியர் என்ற அந்த ஒரு சொல்தான் வரவில்லை. நமக்குக் கேரியர் என்றால் சைக்கிளின் பின்னால் இருப்பது, இல்லையென்றால் நான்கு அடுக்கில் சோறு வருவது.

> நாங்கள் பள்ளியில் ‘நோய்க்காவி’ என்றுதான் படித்தோம். ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

அக்கா, காவு என்ற வினை எனக்கும் பிடிக்கும், காவடியும் அந்தக் குடும்பம்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் பெட்டியைக் காவிக்கொண்டு போகிறீர்கள், இங்கே ஆட்டைக் காவு கொடுக்கிறோம். மதுரையில் ஒருவரிடம் போய் ‘நீங்கள் ஹெபடைட்டிஸ் பி காவி’ என்று சொன்னால் முதலில் தன் வேட்டியைக் குனிந்து பார்ப்பார், அப்புறம் இது எந்தக் கட்சி விஷயம் என்று கேட்பார். அது கூடப் பழகிவிடும். எனக்கு இருக்கிற உண்மையான தயக்கம் வேறு: உங்கள் பாடநூலில் நோய்க்காவி என்பது கொசுவுக்கும் பெயர். கொசுவையும் மனிதரையும் ஒரே சொல்லால் அழைக்கலாமா?

> கடத்தி, அல்லது நோய்ப்பரப்பி. எளிமையாக இருக்கிறது.

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டும் வேண்டாம். கடத்தி என்றால் செம்புக் கம்பி. ஆளைச் சேர்த்துச் சொன்னால் தங்கம் கடத்துகிறவன். நோய்ப்பரப்பி அதைவிட மோசம், ஏனென்று ஒரு வீட்டுக் கதையோடு சொல்கிறேன்.

எங்கள் உறவில் ஒரு பையன், ஏசி மெக்கானிக், வளைகுடா வேலைக்குப் போக மருத்துவப் பரிசோதனைக்குப் போனான். ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி மேலுறை ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம், தொற்றுக்கு அடையாளம்) இருந்தது. சீட்டில் ‘ரியாக்டிவ்’ என்று ஒரு முத்திரை, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ‘நீ கேரியர்ப்பா, அடுத்த ஆள்’ என்றாராம். விளக்கம் அவ்வளவுதான். வேலை போனது ஒரு பக்கம். வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மா, அதாவது என் அத்தை, அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார், தட்டின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு, மற்றதோடு கலந்துவிடாமல் இருக்க. இந்த வைரஸ் தட்டிலும் டம்ளரிலும் பரவுவதே இல்லை. ரத்தம், உடலுறவு, பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு, இவைதான் வழி. அத்தை என்னிடம் கேட்டது, ‘அப்படி என்னத்தையடா இவன் சுமக்கிறான்?’ என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உதவாத சொல் எனக்கு வேண்டாம். அத்தை சோதித்துப் பார்க்கச் சம்மதிக்கவில்லை என்பது வேறு கதை, அவனுக்கு அது அவரிடமிருந்தே பிறப்பில் வந்திருக்கலாம். பிறக்கும்போது தொற்றும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு அது தங்கிவிடுகிறது, வளர்ந்த பிறகு தொற்றினால் பெரும்பாலோர் உடம்பு தானாகவே அதை விரட்டிவிடும்.

இங்கேதான் புளூம்பெர்க் எழுதியதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் ஈரல் நோயைத் தேடிப் புறப்பட்டவரே இல்லை. ஒரே நோய்க்குச் சிலர் எளிதில் ஆளாகிறார்கள், சிலர் ஆவதில்லை, அது பிறவியில் வருகிற வேறுபாடா என்பதுதான் அவர் கேள்வி. அதற்காகப் பல நாட்டு ஆட்களின் ரத்தத்தைச் சேர்த்து வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். 1963-இல் அவரும் ஹார்வி ஆல்ட்டரும், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு ஹீமோஃபிலியா (ரத்தம் உறையாத நோய்) நோயாளியின் சீரம், அதாவது ரத்தத்தின் தெளிநீர், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு வினைபுரிவதைப் பார்த்தார்கள். அதனால்தான் அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் (ஆன்டிஜெனுக்கு நம் பட்டியலில் இருக்கும் ‘பிறபொருளெதிரியாக்கி’யை ஒரே மூச்சில் சொல்லிக் காட்டுபவருக்கு நான் காபி வாங்கித் தருகிறேன்). 1965-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை அதை ரத்தப் புற்றுநோயான லுகேமியாவோடு சேர்த்துப் பேசியது. வைரஸ் என்று யாரும் நினைக்கவில்லை. குடும்பங்களில் வருவதால் இது மரபுக் குணமாக இருக்கும் என்றே புளூம்பெர்க் கொஞ்ச காலம் எண்ணினார். 1967-இல் அவர் ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண் ஒருவருக்கு உடம்பு சோர்ந்துபோக, அவர் தன் ரத்தத்தைத் தானே சோதித்தார், முன்பு இல்லாத ஆன்டிஜென் இப்போது இருந்தது, பின்னாலேயே காமாலை. அவர் குணமாகிவிட்டார். மரபுக் குணம் என்றால் வளர்ந்த பிறகு திடீரென்று முளைக்காதே!

அதனால் கேரியர் என்ற சொல்லுக்குள்ளே இரண்டு பேர் குடியிருக்கிறார்கள்: மரபணுவைப் பிள்ளைக்குக் கொடுப்பவர், கிருமியை உடம்பில் வைத்திருப்பவர். பரம்பரை ரத்த நோயான தலசீமியாவில் சொல்லும் கேரியர் முதல் வகை. ஹெபடைட்டிஸ் பி-யில் சொல்வது இரண்டாவது, ஆன்டிஜென் 6 மாதத்துக்கு மேல் ரத்தத்தில் நீடித்தால் அந்தப் பெயர். ஒரே சொல் இரண்டுக்கும் வேண்டும் என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்காக நாமும் ஒட்ட வேண்டியதில்லை.

> தாங்கி? ஏந்தி?

தாங்கி கேட்க அழகு, சுமைதாங்கிக் கல் ஞாபகம் வருகிறது, ஆனால் இலங்கையில் டேங்குக்கு அதுதான் பெயர், எண்ணெய்த் தாங்கி, தண்ணீர்த் தாங்கி இருக்கிறதே. ஏந்தி மேல் எனக்கு ஒரு நாள் முழுக்கக் காதல் இருந்தது, காரணமும் உண்டு. 1969-இல் புளூம்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர் இர்விங் மில்மனும் காப்புரிமை கேட்ட தடுப்பூசி எதிலிருந்து வந்தது தெரியுமா, இந்தக் கேரியர்களின் ரத்தத்திலிருந்துதான். அவர்கள் ரத்தத்தில் முழு வைரஸைவிட வெறும் மேலுறைத் துணுக்குகள் ஏராளமாக மிதக்கும், அவற்றைப் பிரித்துச் சுத்தம் செய்து ஊசியாக்கலாம் என்பது யோசனை. 1981-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த முதல் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி அப்படி எடுத்ததுதான். ஊரே ஒதுக்கிய ஆட்களின் ரத்தத்தில் ஊருக்கு மருந்து. விளக்கு ஏந்துவது போல ஏந்தியவர்கள் என்று மனதுக்குள் ஒரு வரி கூட எழுதினேன். அப்புறம் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘இவர் வைரஸ் ஏந்தி.’ ஆயுதம் ஏந்தியவன் மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

சரி, என் முன்மொழிவு: தொற்றாளர். நான் உண்டாக்கியது இல்லை. கொரோனா நாட்களில் இலங்கைப் பத்திரிகைகள் தினமும் எழுதிய சொல், அக்காவுக்கு நன்றாகத் தெரியும். நம் பக்கம் ஏனோ பிடிக்கவில்லை. நோயாளிக்குப் பக்கத்தில் வைத்தால் தானே பொருள் சொல்லும்: நோய் இருப்பவர் நோயாளி, தொற்று இருப்பவர் தொற்றாளர். 6 மாதம் தாண்டிவிட்டால் நாட்பட்ட தொற்றாளர். ‘ஆளர் என்றால் ஆள்பவர், தொற்றை இவர் ஆள்கிறாரா?’ என்று இலக்கணம் கேட்பவர்கள், நோயாளி எந்த நாட்டை ஆள்கிறார் என்று முதலில் சொல்லட்டும்.

‘தொற்றுடன் வாழ்வோர்’ என்று சொன்னவருடைய நல்ல மனது புரிகிறது, கட்டுரை நடையில் நானும் அதை எழுதுவேன். ஆனால் ஆய்வகச் சீட்டின் கட்டத்துக்குள் அது அடங்காது, அடங்காத இடத்தில் மறுபடி கேரியர் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மருத்துவர்களும் இதே திசையில்தான் நகர்ந்திருக்கிறார்கள். 2017-இல் ஐரோப்பியக் கல்லீரல் சங்கம் தன் வழிகாட்டுதலில், முன்பு ‘செயலற்ற கேரியர்’ என்று சொன்ன நிலையை ‘நாட்பட்ட தொற்று’ என்ற பெயருக்குள் கொண்டுவந்துவிட்டது, ஈரல் புண்பட்டிருந்தால் மட்டும் ‘நாட்பட்ட அழற்சி’. புளூம்பெர்க்கே தன் நோபல் உரையில் கேரியர் என்று முத்திரை குத்தப்படுபவர்களின் உரிமை, அவர்களை ஊர் எப்படி நடத்தும் என்பதையெல்லாம் எடுத்துப் பேசியிருக்கிறார். சோதனையைக் கண்டுபிடித்தவருக்கு அந்த உறுத்தல் இருந்திருக்கிறது.

இப்போது வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். அந்த லான்செட் ஆய்வில் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் சாப்பிட்ட 37 தொற்றாளர்களில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்துப் பொருளே இல்லாத வெற்று மருந்து சாப்பிட்ட 23 தொற்றாளர்களில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, இல்லையா? (கையேட்டில் உடனே அடுத்த வரியும் வரும்: பின்னால் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் இதே பலன் கிடைக்கவில்லை. முதல் வரியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பும் புண்ணியவான்கள் இந்தக் குழுவிலும் இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை.)

அத்தையிடமும் சொல்லிப் பார்த்தேன். ‘அவன் நோயாளி இல்லை அத்தை, தொற்றாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.’ ‘தொற்றும்னுதானேடா அதுலயும் சொல்றே’ என்றார். ஆமாம், அந்தக் குறை இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் ‘எதைச் சுமக்கிறான்’ என்பது போய் ‘எப்படித் தொற்றும்’ என்று கேட்டார், அதற்குப் பதில் என்னிடம் இருந்தது.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று கையேடு அச்சுக்குப் போகிறது. தலசீமியாக்காரர்களுக்கு மட்டும் தனிச் சொல் தேவைப்படுகிறது, அதற்கு அக்காவின் காவியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். ‘மரபுக்காவி’ என்றால் வேட்டி நிறம் ஞாபகம் வருமா, வராதா?