சென்னை – சான் பிரான்சிஸ்கோ பயண நேரம் குறித்து உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் வசிக்கும் என் தாயார், தங்கையின் பிரசவத்திற்காக ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ செல்லவிருக்கிறார். அவர் நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்பவர் என்பதால், மொத்தப் பயணம் எத்தனை மணி நேரம் என்று வேலூரில் அவரைப் பார்க்கும் மருத்துவர் கேட்டிருக்கிறார். பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரமே இருக்கும். குளிர்காலத்தில் அவ்வூர் நம்மைவிட 13 மணி 30 நிமிடம் பின்தங்கியிருப்பதால், அதை வைத்துக் கணக்கிடுவது பெரியவர்களுக்கு எளிதன்று.

இரு ஊர்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 13,900 கி.மீ. சிங்கப்பூர் வழியாகச் சென்றால் முதலில் 2,900 கி.மீ., பிறகு 13,600 கி.மீ. என்று கூடிவிடுகிறது. முதல் கட்டம் ஏறத்தாழ 4 மணி நேரம். பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் அடுத்த கட்டமோ, மேற்கிலிருந்து கிழக்காக வீசும் மேலடுக்குக் காற்று உந்துவதால் போகும்போது 15 மணி நேரத்தை ஒட்டியும், திரும்பும்போது அதே காற்று எதிர்ப்பதால் இன்னும் கூடுதலாகவும் ஆகும். குடியாத்தத்திலிருந்து மீனம்பாக்கம் வரையிலான கார் பயணம் தனி.

முதிய பெற்றோரை இவ்வழியே அனுப்பியவர்கள், சிங்கப்பூரில் எவ்வளவு நேர இடைவெளி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது என்பதையும், நீண்ட கட்டத்தில் உணவு எத்தனை மணி நேரத்திற்கு ஒருமுறை வந்தது என்பதையும் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன். இன்சுலின் அளவை மருத்துவரே முடிவுசெய்வார். எனக்குத் தேவை நேர விவரம் மட்டுமே. துபாய் வழி வசதியானது என்று கருதுவோர் காரணத்துடன் எழுதினால் பேருதவியாக இருக்கும்.