மெஸ்ஸி 135: பேரிங் மாற்றியும் மூன்றாம் கியர் நிற்கவில்லை, உதவுங்கள்

நிபோங் திபால் தம்பி:
வணக்கம். அப்பா தோட்டத்தில் செம்பனைக் குலை இழுத்த மெஸ்ஸி ஃபெர்குசன் 135 டிராக்டர் இது. தோட்டத்தில் கழித்துக் கட்டியபோது அப்பாவே வாங்கிவிட்டார். அவர் போன பிறகு கொட்டகையிலேயே கிடந்தது. அதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

முன்னுக்கு 6, பின்னுக்கு 2 கியர் உள்ள சாதா பெட்டி. கிளட்ச் மிதிக்காமல் வேகம் மாற்றும் மல்டி பவர் வசதி கிடையாது. மூன்றாவது போட்டு இறக்கத்தில் வந்தால், டக்கென்று நியூட்ரலுக்கு வந்துவிடும். நானும் மாமாவும் வண்டியை நடுவில் பிரித்து பேரிங், ஆயில் சீல் எல்லாம் புதிதாகப் போட்டோம். இரண்டு மாதச் சனி ஞாயிறு அதிலேயே போனது. பழைய ஆயில் பால் காப்பி மாதிரி இருந்தது. சத்தம் குறையட்டும் என்று 140 என்ற கெட்டி கியர் ஆயில் ஊற்றினேன். சத்தம் குறைந்தது, கியர் மட்டும் இன்னும் விழுகிறது. மறுபடி பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?

பழைய ஃபிட்டர், புக்கிட் மெர்தாஜம்:
தம்பி, முதலில் இறக்கத்தில் ஓட்டுவதை நிறுத்துங்கள். பின்னால் டிரெய்லர் இருக்கும்போது கியர் விழுந்தால் எஞ்சின் பிடிப்பு போய்விடும், பிரேக்கை மட்டும் நம்ப வேண்டிவரும்.

பேரிங் மாற்றியது வீண் இல்லை. பேரிங் தேய்ந்தால் ஷாஃப்ட் சாயும், கியர் வெளியே தள்ளப்படும். ஆனால் அது ஒரு காரணம்தான். சமதரையில், வெறும் வண்டியில், மூன்றாவதில் போய்க்கொண்டே லிவரில் லேசாகக் கை வையுங்கள். ஆக்சிலேட்டரை ஏற்றி இறக்கும்போது லிவர் கையைத் தள்ளுகிறதா, தள்ளாமல் அதிர்வில் நழுவுகிறதா? தள்ளினால் பெரும்பாலும் பல் சாய்வாகத் தேய்ந்திருக்கும். பாரம் ஏறும்போது ஒரு பல் மற்றதை ஷாஃப்டின் நீளவாக்கில் நகர்த்தும். அதிர்வில் நழுவினால், கியரை நகர்த்தும் ராடை இடத்தில் பிடிக்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதே ராடில் உள்ள இன்னொரு கியரும் விழுந்தால் ஸ்பிரிங் மேல் சந்தேகம் கூடும்.

ஜூரு மெக்கானிக்:
அண்ணன் சொன்னது சரி. அதோடு லிவர் மூடியைக் கழற்றி, கியர் போட்டபடி டார்ச் அடித்துப் பாருங்கள். இரண்டு பல்லும் முழு அகலத்துக்கு மாட்டியிருக்க வேண்டும். முக்கால்வாசிதான் என்றால் கியரைத் தள்ளும் கவையான ஃபோர்க் தேய்ந்திருக்கும், அல்லது ஃபோர்க்கை ராடில் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருக்கும்.

அப்புறம் அந்த 140 வேண்டாம். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். கெட்டி ஆயிலில் பம்ப் திணறும், லிஃப்ட் சோம்பலாக ஏறும். இரண்டுக்கும் பொதுவான டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். பால் நிறம் என்றால் தண்ணீர் போயிருக்கிறது. லிவர் அடியில் உள்ள ரப்பர் உறை வெடித்திருந்தால் நம் ஊர் மழைக்கு அதுவே போதும்.

நிபோங் திபால் தம்பி:
பார்த்தேன். லிவர் கையைத் தள்ளுகிறது. டார்ச் அடித்ததில், மாட்டிய இடத்தில் கால் பங்கு வெளியே நிற்கிறது. ரப்பர் உறையும் கிழிந்துதான் இருக்கிறது. அப்படியானால் மறுபடி பிரிக்க வேண்டுமா?

பழைய ஃபிட்டர், புக்கிட் மெர்தாஜம்:
பிரிக்கத்தான் வேண்டும். பல் தேய்ந்திருந்தால் கியரை ஜோடியாக மாற்றுங்கள். புதுப் பல்லைப் பழைய பல்லோடு சேர்த்தால் இரண்டும் கெடும். பழைய உதிரி வாங்கினால் பல்லின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். பிரிக்கும் முன் முன் அச்சுக்கு மேல் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடியுங்கள். முன் அச்சு நடுவில்தான் ஆடும். ஆப்பு இல்லாவிட்டால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். முதல் தடவை அடித்தீர்களா?

நிபோங் திபால் தம்பி:
இல்லை ஐயா. ஜாக் மட்டும்தான் வைத்தோம். இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆப்பு அடித்தே பிரித்தோம். ஃபோர்க் போல்ட் தளர்ந்திருந்தது, கியர் பல்லின் ஒரு ஓரம் மழுங்கியிருந்தது. தைப்பிங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஜோடி கிடைத்தது. சமதரையில் லிவர் அசையவே இல்லை. நாளை வெறும் டிரெய்லரோடு இழுத்துப் பார்க்கிறோம், குலை ஏற்றுவது அதற்கு அப்புறம்தான்.