நோய் தாங்கிய ஃபாபா அவரையின் விதை மறு ஆண்டு ஏன் ஏமாற்றுகிறது?

கேள்வி: கோத்தகிரி விவசாயி
வணக்கம். சந்தையில் பிராட் பீன்ஸ் என்று விற்கும் ஃபாபா அவரையை அரை ஏக்கரில் கடைபோகத்தில் பயிரிடுகிறேன். பனிமூட்டமும் மழையும் சேர்ந்து ஒரு வாரம் நீடித்துவிட்டால், இலையில் மிளகளவில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றி, ஒன்றோடொன்று கூடிப் பரவி, பூவும் கருகி உதிர்ந்துவிடுகிறது. மூன்று ஆண்டுகளாக, புள்ளி குறைந்து காய் நிறைந்த செடிகளின் விதையை மட்டும் எடுத்து, ஒன்றாகக் கலந்து விதைக்கிறேன். ஆயினும் பாதி வயல் பழையபடியே கருகுகிறது. தேர்வில் எங்கே தவறுகிறேன்?

பதில்: குந்தா
ஐயா, அந்தச் செடிகள் எங்கே நின்றன என்று பார்த்தீர்களா? எங்கள் தோட்டத்தில் வரப்போரம் காற்றுப்பட நின்ற செடிகளை நம்பி விதை எடுத்தேன். ஈரம் தங்கும் தாழ்வான பாத்தியில் போட்டதும் அவையும் கருகின. அவை நோயைத் தாங்கியவை அல்ல, தப்பியவை.

பதில்: பயிர் இனப்பெருக்க மாணவி
குந்தா அண்ணன் சொல்வது சரி. தேனீயையும் கணக்கில் கொள்ள வேண்டும். இப்பயிரில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு விதை அயல் மகரந்தத்தால் உருவாகிறது. இந்தப் புள்ளிகளை உண்டாக்கும் போட்ரிடிஸ் பூஞ்சணம் முற்றுவதற்குள் எல்லாச் செடிகளும் பூத்துவிடுவதால், நீங்கள் தேர்ந்த தாய்ச்செடிக்குக் கருகப்போகும் செடியே மகரந்தம் தந்திருக்கலாம். விதையைக் கலந்துவிட்டதால் எந்தத் தாயின் வம்சம் தேறியது என்று அறியவும் வழியில்லை.

ஒவ்வொரு செடியின் விதையையும் தனிக் காகித உறையில் இட்டு எண் எழுதுங்கள். பாதியை வைத்துக்கொண்டு, மீதியை ஈரம் தங்கும் பாத்தியில் செடிக்கு ஒரு வரிசையாக விதைத்து, இடையிடையே எளிதில் கருகும் பழைய விதையையும் போடுங்கள். அது கருகினால்தான் மற்றவை உண்மையில் சோதிக்கப்பட்டன என்று பொருள். தேறிய வரிசைகளுக்குரிய உறைகளின் விதையை மட்டும், வேறு ஃபாபா அவரை அருகில் இல்லாத இடத்தில் ஒன்றாக விதையுங்கள். ஒரே வம்சத்தை வலைக்குள் அடைத்துத் தன்மகரந்தத்திலேயே வைத்தால் வீரியமும் காய்ப்பும் குறையும். ஆறேழு நல்ல வம்சங்கள் தம்முள் கலந்தால்தான் விளைச்சல் கூடும்.

இந்நோய்க்கு முழு எதிர்ப்பு அறியப்படவில்லை; பகுதி எதிர்ப்பைத்தான் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அந்தப் பகுதி எதிர்ப்புக்காக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஐ.எல்.பி. 938 என்ற வித்தும் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியிலிருந்து கிடைத்ததுதான் என்பதால், நம் மலைக்காரர்களின் பழைய விதைகளையும் தேடிச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கோத்தகிரி விவசாயி
நன்றி, அம்மா. இந்தப் பருவத்தில் தேர்ந்த 14 செடிகள் காயோடு தாழ்வாரத்தில் தொங்குகின்றன. நல்லவேளையாக இன்னும் உதிர்க்கவில்லை. அவற்றைத் தனித்தனியாக உதிர்த்து, தேயிலைச் சரிவின் அடியில் எப்போதும் நசநசவென்றிருக்கும் பாத்தியில் வரிசை போடுகிறேன்.