கொலோனோஸ்கோபி: வெள்ளை ஒளியா, என்பிஐயா, சாயம் தெளிப்பதா?

இளையவன்:
அக்காவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் என்று தெரியவந்தது. உடன்பிறந்தவருக்கு வந்திருந்தால் 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டறிந்த வயதுக்குப் பத்தாண்டு முன்பாக, எது முந்தியதோ அப்போது கொலோனோஸ்கோபியை, அதாவது கேமராக் குழாயைப் பெருங்குடலுக்குள் விட்டுப் பார்ப்பதை, தொடங்க வேண்டுமாம். எனக்கு 39. கணக்குப்படி தாமதமாகிவிட்டது. விசாரித்த ஓரிடத்தில் என்பிஐ என்ற தனி ஒளி வசதி உண்டு என்கிறார்கள். இன்னோரிடத்தில் செயற்கை நுண்ணறிவு (ஏஐ) துணை. வேறொருவர் சாயம் தெளிப்பதே மேல் என்கிறார். சி.டி. ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம் என்கிறார் நண்பர். எதைக் கேட்டு வாங்குவது?

கணிதவாத்தியார்:
சி.டி. கொலோனோகிராபி, அதாவது சி.டி. ஸ்கேனில் பெருங்குடலைப் பார்ப்பது, 10 மி.மீ.க்கு மேற்பட்ட பாலிப்புகளை (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிகளை) நன்றாகவே காட்டும். தட்டையானவை நழுவிவிடும். ஏதாவது தென்பட்டால் வெட்டியெடுக்க எப்படியும் கொலோனோஸ்கோபிதான். அக்காவுக்கு இருந்திருக்கிறது என்றால் நேராக அதற்கே போய்விடுங்கள்.

ஸ்கோப்_சிஸ்டர்:
எண்டோஸ்கோபி அறையில் நர்ஸாக இருக்கிறேன். ஒளியின் பெயரைக் கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

என்பிஐ தனிப் பரிசோதனையே அல்ல. ஸ்கோப்பின் கைப்பிடியில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். அழுத்தினால் 415, 540 நானோமீட்டரை ஒட்டிய நீலமும் பச்சையும் மட்டும் விழும். ஹீமோகுளோபின் அவற்றை உறிஞ்சிக்கொள்வதால் இரத்தக் குழாய்கள் கறுத்துத் தெரியும். புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப் வகையான அடினோமாவின் மேல் பழுப்பு வலைப்பின்னல் எழும். கண்ணில் பட்ட பாலிப் எந்த வகை என்று கணிக்க அருமையான வசதி. புதிதாகக் கண்டுபிடிப்பதில் மட்டும், நல்ல எச்.டி. வெள்ளை ஒளியைவிட ஆதாயம் சொற்பம். அதுவும் குடல் சுத்தமாக இருந்தால்தான். மிச்சமிருக்கும் மஞ்சள் நீர் என்பிஐயில் இரத்தம்போலச் சிவந்து தெரியும். மருத்துவர் அலுத்துப்போய் வெள்ளை ஒளிக்கே திரும்பிவிடுவார். இதை எந்த விளம்பரத் தாளிலும் அச்சிட மாட்டார்கள்.

ஏஐ சந்தேகப்பட்ட இடத்தில் கட்டம் போட்டுக் காட்டும். சின்ன அடினோமாக்கள் கூடுதலாகவே அகப்படுகின்றன. ஆனால் மடிப்புக்குப் பின்னால் கேமரா போகாவிட்டால் அதற்கும் கண் கிடையாது.

நீங்கள் கேட்க வேண்டியது, அந்த மருத்துவரின் அடினோமா கண்டறியும் விகிதம், அதாவது அவர் பரிசோதிக்கும் நூறு பேரில் எத்தனை பேரிடம் அடினோமாவைக் கண்டுபிடிக்கிறார் என்பது. அது ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்தால், பரிசோதனைக்குப் பின் இடையில் முளைக்கும் புற்றுநோய் அபாயம் 3 சதவீதம் குறைவதாக 2014இல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. ஸ்கோப்பை வெளியே இழுக்கும்போது குறைந்தது 6 நிமிடம் நின்று பார்ப்பாரா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

நீலத்திட்டு:
சாயத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நெடுநாளாகப் பெருங்குடல் புண் அழற்சி உள்ளவன். என்னைப் போன்றவர்களுக்கும், பரம்பரையாகப் பெருங்குடல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் லிஞ்ச் நோய்க்குறி உள்ள குடும்பங்களுக்கும்தான் அது முக்கியமாகப் பயன்படுகிறது. மயக்கம் லேசாகத்தான் இருந்தது, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை ஒளியில் அந்த இடம் சற்று வெளிறியிருந்தது, வேறு குறையில்லை. இண்டிகோ கார்மின் என்ற நீலச் சாயத்தைத் தெளித்ததும் நீலம் பள்ளங்களில் போய்த் தேங்கியது. நடுவில் ஒரு தட்டையான திட்டின் ஓரம் பேனாவால் வரைந்ததுபோல் எழுந்து நின்றது. அங்கேதான் பயாப்சி எடுத்தார்கள். நேரம் நிறையப் பிடிக்கும். மறுநாள் மலம் நீலமாகப் போனால் அஞ்சாதீர்கள்.

இளையவன்:
நன்றி. அக்காவின் கட்டியை லிஞ்சுக்காகச் சோதித்தார்களா என்று முதலில் கேட்கிறேன். சிஸ்டர், எனக்குக் காலை ஒன்பது மணிக்கு நேரம் தந்திருக்கிறார்கள். பேதி மருந்தை முந்தின இரவே முழுவதும் குடித்து முடித்துவிடலாமா?

ஸ்கோப்_சிஸ்டர்:
வேண்டாம். பாதியை இரவில், மறுபாதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணி நேரம் முன்பு. உங்களுக்கு அது விடிகாலை நாலு மணி வாக்கில் வரும். மயக்க மருந்துக்காகக் கடைசி இரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் கூடாது என்பார்கள். அங்கே என்ன விதி என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும், ஆனால் வலப்பக்கக் குடல் சுத்தமாவது அந்த இரண்டாம் பாதியில்தான்.