எல் நினோ வந்தால் மலையகத்துக்கு மழை இல்லையா?

ஊவாக்காரன்:
"இந்த முறை எல் நினோ, பெரும்போகத்துக்கு மழையே கிடையாது, யாரும் உருளைக்கிழங்கு போடாதீங்க" என்று இங்கே ஒருவர் எழுதியதை ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். படித்ததும் எரிச்சல் வந்தது. எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் வருடங்களில், பெரும்போகம் தொடங்கும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இலங்கையில் பெரும்பாலும் மழை கூடும். 2015, 2023 இரண்டும் எல் நினோ. 2023 கடைசியில் பதுளைக்கு மண்சரிவு எச்சரிக்கை விட்டார்களே, வெயிலுக்கா விட்டார்கள்?

லீக்ஸ்பாத்தி:
எழுதியது நான்தான். எல் நினோ என்றால் வறட்சி. இந்தியாவில் மழை குறைகிறது என்று ஒவ்வொரு முறையும் செய்தியில் சொல்கிறார்கள். உங்களுக்கு மட்டும் தனி வானமா?

ஊவாக்காரன்:
அங்கே குறைவது ஜூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழை. நான் சொல்வது ஒக்டோபர், நவம்பர், டிசம்பர். தமிழ்நாட்டிலும் அந்த மாதங்களில் எல் நினோ மழையைக் கூட்டத்தான் செய்கிறது. மாதத்தைப் பாருங்கள் அண்ணே.

கொழுந்துக்கூடை:
ஹட்டன் பக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்களுக்குப் பெரிய மழை மே மாதத்துக்குப் பிறகு வருவது. ஜனவரி, பெப்ரவரியில் காய்ந்து உறைபனியும் விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகும். பறித்த கொழுந்தில் நிறை வராவிட்டால் அரைப்பேர்தான், பாதி நாள் சம்பளம். அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதுங்களேன்.

லீக்ஸ்பாத்தி:
பார்த்தீர்களா, அக்காவே காயும் என்கிறார். வறட்சி வறட்சிதான்.

ஊவாக்காரன்:
அக்கா சொன்னது ஜனவரிக்குப் பிறகு. எல் நினோ வருடத்தில் ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைய வாய்ப்பு உண்டு, அதை நான் மறுக்கவே இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடும். மறுபடியும் சொல்கிறேன், கூடும். 2016 கடைசியில் எல் நினோ இல்லை. ஆனால் அந்தப் பெரும்போகத்தில்தான் மழை பொய்த்து, 2017இல் நாடே காய்ந்தது. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மலைக்காடு:
சண்டைக்கு நடுவில் ஒன்று. வளிமண்டலவியல் திணைக்களத்தின் மூன்று மாத மழை முன்னறிவிப்பு வரைபடத்தில் பெரும்பாலும் மத்திய மாகாணமும் ஊவாவும் ஒரே நிறம். மத்திய மாகாணத்து வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது, ஊவாவின் வெலிமடை அதில் பாதிகூடக் காணாது. ஒரே நிறத்தை வைத்து யார் எதை நடுவது?

லீக்ஸ்பாத்தி:
அதைத்தான் நானும் சொல்கிறேன், அந்தப் படம் எதற்கும் உதவாது. போன முறை மழை கூடும் என்றார்கள், என் பாத்தி காய்ந்தது.

ஊவாக்காரன்:
கூடும் என்று சத்தியம் செய்யவில்லை. கூடும், சராசரி, குறையும் என்று மூன்று பங்கு போட்டு, எதற்கு வாய்ப்பு அதிகம் என்றுதான் தருகிறார்கள். உங்கள் ஒரு பாத்தியை வைத்து எல் நினோவைத் தீர்மானிக்க முடியாது. கிழங்கு போடாதே என்று நீங்கள் எழுதியதை நம்பி, விதைக்கிழங்குக்குக் கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு நிற்கிறார் எங்கள் பக்கத்துக் காணிக்காரர்.

லீக்ஸ்பாத்தி:
விதைக்கிழங்கு விற்கிறவருக்காகப் பேசுகிறீர்களோ? கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு மண் எப்படித் தெரியும்?

ஊவாக்காரன்:
பண்டாரவளையில் இருந்து எழுதுகிறேன். ஆடியில் கச்சான் காற்று அடித்து எங்கள் மலை காயும்போது உங்கள் நுவரெலியாவில் மழை கொட்டுகிறது. மண்ணைப் பற்றி எனக்குப் பாடம் வேண்டாம்.

கொழுந்துக்கூடை:
கிழங்கு, லீக்ஸ் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்ளுங்கள். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

லீக்ஸ்பாத்தி:
எல் நினோ என்றால் வறட்சி. டிசம்பரில் பார்ப்போம்.

ஊவாக்காரன்:
டிசம்பர் வரை காத்திருந்தால் நடுகைக்காலம் போய்விடும். அந்தப் பதிவை இன்றைக்கே எடுங்கள்.